தினப் பழமை: இன்னைக்கு உங்க பழைய வண்டிக்கு என்ன வேலை?

அன்னூர் மார்க் 2 (காலை 6.50)

வணக்கமுங்க. பழைய பேச்சு இழை நெம்ப நீண்டு போச்சு, ஒண்ணு தேடறதுன்னாலே சிரமமாயிருச்சு. அதனால புதுசா ஆரம்பிக்கிறேன். அம்பாசிடரோ பத்மினியோ ஸ்டாண்டர்டோ ஜீப்போ, எதுவா இருந்தாலும் இங்கயே போடுங்க. என்ன கழட்டுனீங்க, என்ன மாட்டுனீங்க, எங்க சிக்கி நிக்குது.

நான் வெடியால டெல்கோ (டிஸ்ட்ரிபியூட்டர்) மூடியக் கழட்டிப் பார்த்தேன். பாயிண்ட்டுல ஒரு முகத்துல குழி, எதிர் முகத்துல மேடு. கண்டன்சர் கெட்டா இப்படித்தான், உலோகம் ஒரு பக்கத்துல இருந்து எடுபட்டு இன்னொரு பக்கத்துல போயி ஒக்காந்துக்கும். ரெண்டையும் மாத்தி, பாயிண்ட் கேப் 15 தௌ (இன்ச்சுல ஆயிரத்துல 15 பங்கு) வெச்சேன். வண்டி நிக்கறப்ப அடிச்சுட்டு இருந்த நடுக்கம் போயிருச்சு. பாயிண்ட்ட மட்டும் தேய்ச்சு விட்டுட்டு கண்டன்சர அப்படியே விடறவங்க நெம்பப் பேரு. அடுத்த மாசமே திரும்பக் குழி விழும்.

பொள்ளாச்சி பத்மினி (காலை 8.15)

ஏனுங்ணா, எனக்கு ஒரு சந்தேகம். ஞாயித்துக்கிழமை ஆழியார் தாண்டி வால்பாறை ரோட்டுல ஏறுனேன். நாப்பது கொண்டை ஊசியில ஆரம்பத்துலயே வண்டி இழுக்கல. ஆக்சிலேட்டர மிதிச்சா கார்ப்பரேட்டர் தும்முது. வேப்பர் லாக்கா (சூட்டுல பெட்ரோல் ஆவியாகி அடைக்கறது) இருக்கும்னு பெட்ரோல் பம்பு மேல ஈரத்துணி சுத்தி, அரை மணி நேரம் நிழல்ல நிறுத்திப் பார்த்தேன். தெளியல.

வீட்டுக்கு வந்து பம்புல இருந்து கார்ப்பரேட்டருக்குப் போற ஹோஸ உருவுனேன். விரல்ல அமுக்குனா அமுங்குன பள்ளம் திரும்பி வரவே இல்லை. கிளிப்பு போட்ட எடத்துல ரப்பர் பிதுங்கி நிக்குது. உள்பக்கம் தொட்டா கையில கருப்பா ஒட்டுது. ஃப்ளோட் சேம்பர் அடியில அதே கருப்புத் தூளு, மெயின் ஜெட்டு ஓட்டையில ஒரு துணுக்கு குறுக்க நிக்குது. அந்த ஹோஸு பழசு கூட இல்லைங்ணா, சமீபத்துல வாங்கினதுதான். இப்ப வேற ஹோஸு போட்டாலும் இதே கதைதானா?

கணபதி லேத்து (காலை 9.40)

தம்பி, இது வேப்பர் லாக்கு இல்லை, எத்தனால் பண்ற வேலை. இப்பப் பங்குல ஊத்தறது இ20. நூத்துக்கு இருவது பங்கு எத்தனால். சாதா ரப்பர் ஹோஸ் அதத் தாங்காது. முதல்ல ஊதும், அப்பறம் மெழுகாட்டம் இளகும், உள்தோல் உதிர்ந்து ஜெட்டுக்கு வரும். கடையில கேக்கறப்ப வெறுமன "பெட்ரோல் ஹோஸ்"னு கேக்காதீங்க. விட்டான் (Viton, ஒரு வகை ரப்பர்) ஹோஸ்னு சொல்லுங்க, எத்தனாலுக்கு ஆகுமான்னு கேட்டு, ஹோஸ் மேல அச்சடிச்சிருக்கறதப் படிச்சுப் பார்த்து வாங்குங்க. விலை எச்சாத்தான் இருக்கும். மலையில நின்னு போறதுக்குப் பரவாயில்லை.

ஹோஸோட விட்டுடாதீங்க. பம்பு டயாஃப்ரம், ஃப்ளோட் நீடில் நுனியில இருக்கிற ரப்பர், கார்க் பேக்கிங், இதெல்லாமும் அதே பெட்ரோல்லதான் நனையுது.

இன்னொண்ணு இருக்குது, இத யாரும் பேசறதில்லை. சுத்தப் பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில 14.7 பங்கு காத்து வேணும். இ20க்கு அது 13.5 பக்கத்துல வந்துரும். கார்ப்பரேட்டருக்குப் பதிலா இன்ஜெக்டர் வெச்ச புது வண்டியில சென்சார் பார்த்து அதுவே சரி பண்ணிக்கும். நம்ம கார்ப்பரேட்டருக்குக் கண்ணா இருக்குது? ஜெட்டு ஓட்டை என்ன அளவோ அந்த அளவுதான் பெட்ரோல் போகும். கலவை மெலிஞ்சுரும். தும்மல், ஏத்தத்துல சூடு, இழுவை கம்மி எல்லாம் அதனாலயும் வரும். புது ஹோஸ் போட்டு, சேம்பரக் கழுவிட்டு ஓட்டிப் பாருங்க. அப்பறம் பிளக்கக் கழட்டுங்க. பீங்கான் வெள்ளையா வெளுத்துப் போயிருந்தா மெயின் ஜெட்ட ஒரு அளவு பெருசாப் போடுங்க. காப்பித்தூள் நெறத்துல இருந்தா ஒண்ணும் தொட வேண்டாம்.

கோபி 1100 (காலை 10.05)

அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். எங்கப்பா ஓட்டின பத்மினி இப்ப என்கிட்ட இருக்குது. மாசத்துல பாதி நாள் ஷெட்டுலதான் நிக்கும். எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கும். அளவு மீறுச்சுன்னா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோல்ல இருந்து பிரிஞ்சு டேங்க் அடியில போயித் தங்கிரும். டேங்க் அடியில இருந்துதான துரு பிடிக்குது. அதனால நான் ரெண்டு வழிதான் வெச்சிருக்கேன். வாரா வாரம் ஓட்டறதா இருந்தா டேங்க் நிறைய இருக்கணும், காத்துக்கு எடமே இருக்கக் கூடாது. மழை மாசத்துல எடுக்கப் போறதில்லைன்னா ஒட்டுக்கா வடிச்சுட்டு, கார்ப்பரேட்டர்ல மிச்சம் இருக்கறதையும் ஓட்டியே காலி பண்ணிருவேன். அரை டேங்க்கோட நிறுத்தறது மட்டும் ஆகாது.

பெருந்துறை புதுசு (காலை 11.30)

எல்லாருக்கும் வணக்கமுங்க. இங்க புதுசு. எங்க அப்பாறு (தாத்தா) வாங்கின 1968 அம்பாசிடர் மார்க் 2 தோட்டத்துச் சாளையில நிக்குது. அவர் தவறினதுக்கு அப்பறம் யாரும் எடுக்கலைங்க. மேல தார்ப்பாய் போட்டிருந்தோம், உள்ள கோழி அடை வெச்சிருச்சு. டயர் நாலும் தரையோட ஒட்டிருச்சு. கண்ணாடி ஒண்ணும் உடையல.

அத ரோட்டுக்குக் கொண்டு வந்துரணும்னு ஆசை. எங்க அத்தை பையன் ஒரு கடையில பேசி வெச்சிருக்காரு. வண்டிய ஒட்டுக்காச் சொரண்டி மெரூன் மெட்டாலிக் அடிச்சு, ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங், அலாய் வீலு எல்லாம் போட்டு ஒரே மூச்சுல முடிச்சுத் தர்றேங்கறாங்களாம், பாதிப் பணம் முன்னாடியே கேக்கறாங்க. செய்யலாமுங்களா? நாளைக்குப் புது பேட்டரி வாங்கி, செல்ஃப் அடிச்சு இன்ஜின் ஓடுதான்னு பார்க்கலாம்னு இருக்கேன்.

சங்ககிரி (காலை 11.42)

தம்பி, பேட்டரி வாங்காதீங்க! செல்ஃப் அடிக்காதீங்க. ஒரு மணி நேரம் பொறுங்க, லோடு ஏத்தி விட்டுட்டு வந்து வெவரமா எழுதறேன்.

சங்ககிரி (மதியம் 1.20)

வந்துட்டேன். இத்தனை வருஷம் நின்ன இன்ஜின்ல சிலிண்டர் சுவத்துல எண்ணெய் ஒரு சொட்டு இருக்காது. ரிங்கு துருவுல ஒட்டியிருக்கும். அதுல செல்ஃப் அடிச்சா ரிங்கு ஒடஞ்சு, ஒடஞ்ச துண்டு சுவத்தக் கீறிரும். எண்ணெய் விட்டு மெதுவாத் தளர்த்துனா காசு செலவில்லாம முடியற காரியம், கீறிட்டா அப்பறம் ரீபோர் (சிலிண்டரப் பெருசாக் கடையறது), ஓவர்சைஸ் பிஸ்டன்னு போயி நிக்கும்.

முதல்ல ஆர்.சி புத்தகத்த எடுத்து வெச்சுக்கோங்க. அதுல இருக்கிற இன்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் வண்டியில இருக்குதான்னு கண்ணால பாருங்க. நம்ம பக்கத்துல பாதி அம்பாசிடருக்கு டீசல் இன்ஜின் மாத்திட்டாங்க. உங்களுது 1489 சிசி பெட்ரோல் இன்ஜினாவே இருந்துச்சுன்னா அதுவே பெரிய கொடுப்பினை. நம்பர் இருக்கிற எடத்துல எவனையும் கிரைண்டர் வெக்க விடாதீங்க.

அப்பறம் ஏர் கிளீனரக் கழட்டுங்க. எலி கூடு கட்டியிருக்கும், வயரக் கடிச்சிருக்கும். நாலு பிளக்கையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டையிலயும் கொஞ்சம் இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து விடுங்க. ரெண்டு மூணு நாள் ஊறட்டும். கியர நியூட்ரல்ல வெச்சு, முன்னாடி ஹேண்டில மாட்டி கையால, கையாலதான், காலால மிதிக்காம, மெதுவா முன்னும் பின்னும் அசைங்க. அசையலைன்னா இன்னும் எண்ணெய் விடுங்க. அவசரமே வேண்டாம்.

சுத்த ஆரம்பிச்சா பழைய ஆயில வடிங்க, ஃபில்டர மாத்துங்க. பழைய டேங்க் பெட்ரோல் வேண்டவே வேண்டாம், மொதத் தடவை ஓட்ட தனியா ஒரு கேன்ல இருந்து பெட்ரோல் குடுங்க. பிளக் இல்லாமயே சுத்தி ஆயில் பிரஷர் முள்ளு எந்திரிக்குதான்னு பார்த்துட்டு அப்பறம் பிளக்க மாட்டுங்க.

இன்ஜின் ஓடிருச்சுன்னு உடனே வண்டிய நகத்தாதீங்க. பிரேக் ஹோஸ் மூணையும் மாத்தணும். வெளிய பார்க்க நல்லாருக்கும், உள்ள ஊதி அடைச்சிருக்கும். மிதிச்சா ஆயில் போகும், விட்டா திரும்பி வராது, சக்கரம் கவ்விட்டே நிக்கும். வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் கிட்டு எல்லாமே புதுசு. லாரி ஓட்டறவன் சொல்றேன், கெளம்பாத வண்டிய நாளைக்குக் கெளப்பிக்கலாம். நிக்காத வண்டிய ஒண்ணும் பண்ண முடியாது.

கரூர் பாடி (மதியம் 2.30)

சங்ககிரி மாமா இன்ஜினச் சொல்லிட்டாரு, நான் தகரத்தச் சொல்றேன். எங்கூர்ல பஸ் பாடி கட்டற பட்டறையில கைபழகினவனுங்க நான்.

அம்பாசிடருக்குத் தனி சேஸ் கிடையாது. பாடிதான் சேஸ். கதவுக்குக் கீழ நீளமா ஓடற பொட்டி இருக்குதே, அதுதான் முன்னையும் பின்னையும் சேர்த்துப் பிடிச்சிருக்குது. அது துருப்பிடிச்சிருந்தா, கதவு எடத்துல குறுக்கச் சட்டம் குடுத்துட்டுத்தான் வெட்டணும். இல்லைன்னா நடுவுல தொய்ஞ்சுரும், அப்பறம் கதவு ஜென்மத்துக்கும் சேராது. ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குச் சேஸ் தனி, அங்க வேற கணக்கு.

காந்தத்துல துணியச் சுத்தி வண்டி பூரா வெச்சுப் பாருங்க. ஒட்டாம வழுக்கற எடமெல்லாம் பட்டி. கதவுக்குக் கீழ இருக்கிற அந்தப் பொட்டி, பின் சக்கர வளைவு, ஸ்டெப்னி தொட்டி, முன் கண்ணாடி ரப்பருக்கு அடியில, இந்த நாலும் கட்டாயம். துருவுக்கு மேல தகரத்த ஒட்ட வெக்கறவங்ககிட்டக் குடுக்காதீங்க. உள்ள துரு தின்னுட்டே இருக்கும், மேல பெயிண்டு மட்டும் மினுங்கும். துரு போன அளவுக்கு வெட்டி, அதே கனத்துல தகரம் வளைச்சு, முட்டுக்கு முட்டு வெல்டு வெச்சுத் தட்டி மட்டம் பண்ணணும். நல்ல கையா இருந்தா பட்டி ஒரு நூல் கனத்துக்கு மேல தேவைப்படாது.

மெரூன் பத்தி: உங்க கதவு ரெக்சின் அட்டையக் கழட்டி உள்பக்கம் பாருங்க. டேஷ்போர்டு அடியிலயும் பாருங்க. கம்பெனியில அடிச்ச நெறம் வெயில் படாம அப்படியே இருக்கும். உங்க அப்பாறு வாங்கினது அந்த நெறத்துலதான். அத ஒரு தடவை பார்த்துட்டு மெரூன் வேணுமான்னு முடிவு பண்ணுங்க.

அன்னூர் மார்க் 2 (மதியம் 3.15)

பெருந்துறைத் தம்பி, என்னோட எண்ணத்த வெளிப்படையாச் சொல்றேன். ஒரே மூச்சுல முடிச்சுத் தர்றேன்னு எவன் சொன்னாலும் பாதிப் பணத்தத் தூக்கிக் குடுக்காதீங்க. கழட்டிப் போட்ட வண்டி ஷெட்டு ஷெட்டா மக்கிப் போறதப் பார்த்திருக்கேன். ஓடற வண்டிக்குத்தான் அடுத்த வேலை நடக்கும். மொதல்ல நிக்கணும், அப்பறம் ஓடணும், அப்பறம் ஒழுகாம இருக்கணும், பெயிண்டெல்லாம் கடைசியில. இந்த வரிசைய மாத்தாதீங்க.

கழட்டின சாமான் ஒண்ணையும் தூக்கிப் போடாதீங்க. கைப்பிடி, பீடிங், கடிகாரம், ஸ்டீயரிங் நடுவுல இருக்கிற ஆரன் வளையம், எல்லாத்துக்கும் சீட்டுக் கட்டி அட்டாலியில ஏத்துங்க. உடைஞ்சு போனதா இருந்தாலும் சரி. உடைஞ்சத அளவு பார்த்துப் புதுசு செய்யலாம், இல்லாதத எப்படிச் செய்யறது?

பெருந்துறை புதுசு (மதியம் 3.40)

நெம்ப நன்றிங்க எல்லாருக்கும். அத்தை பையன்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆல்டர்னேட்டராவது போடலாமுங்களா? டைனமோ வெச்சா ராத்திரி லைட்டு மங்கும்னு எல்லாரும் சொல்றாங்க.

கணபதி லேத்து (மாலை 4.10)

டைனமோவே இருக்கட்டும் தம்பி. நம்மூர்ல பம்புசெட் மோட்டருக்கு வைண்டிங் கட்டற கடை இல்லாத ஊரு உண்டா? நம்பிக்கையான கைல ஆர்மேச்சரக் குடுத்தா கட்டித் தந்துருவாங்க. கம்யூட்டேட்டர லேத்துல ஒரு சீவு சீவி, பிரஷ் மாத்தி, புஷ் அடிச்சா இன்னும் ஒரு தலைமுறைக்கு ஓடும். கட்அவுட்ட (டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவுல சார்ஜக் கட்டுப்படுத்தற பொட்டி) சரியா செட் பண்ணணும், அதான் முக்கியம். பாதிப் பேரு டைனமோவத் திட்டறாங்க, பழுது கட்அவுட்டுல இருக்கும்.

கோபி 1100 (மாலை 4.35)

அண்ணா, இதுல நான் ஒத்துக்க மாட்டேனுங்க. வண்டி நிக்கறப்ப டைனமோ சார்ஜ் குடுக்காது. ஊருக்குள்ள சிக்னல்ல வைப்பரும் ஹெட்லைட்டும் போட்டுட்டு நின்னா பேட்டரிதான் தேயும். நான் தனியா ராத்திரி சத்தி ரோட்டுல வர்றவ. திம்பத்துல இருந்து இறங்கறப்ப எதுக்க லாரி லைட்டடிச்சா என்னோட லைட்டும் பளிச்சுனு இருக்கணும். ஆல்டர்னேட்டர் போட்டிருக்கேன், பழைய டைனமோவ எண்ணெய் தடவிச் சுத்தி அலமாரியில வெச்சிருக்கேன். நாளைக்கு யாராவது திரும்ப மாட்டணும்னா ரெண்டு போல்ட்டு வேலை. பாடியில ஒரு புது ஓட்டை போடல. வண்டி ஓட்டறதுக்குத்தான, பார்க்க மட்டும் இல்லையே.

கணபதி லேத்து (மாலை 4.50)

அம்மணி, திரும்ப மாட்டற மாதிரி செஞ்சிருக்கீங்க பாருங்க, அது சரி. அப்படிச் செய்யறதா இருந்தா எனக்கும் மறுப்பு இல்லை. தம்பி, ஒண்ணு மட்டும்: ஆல்டர்னேட்டர் மாட்டறதுக்கு முன்னாடி வண்டி எர்த்து எதுன்னு பாருங்க. பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகள்ல பாசிட்டிவ் எர்த்து (பேட்டரியோட பாசிட்டிவ் முனைய பாடியில சேர்த்திருக்கறது) உண்டு. பார்க்காம மாட்டுனா டயோடு அந்த நிமிஷமே போயிரும்.

ஹெட் கழட்டற நாள் வந்தா வால்வு சீட்டையும் பார்த்துருங்க. ஈயம் கலந்த பெட்ரோல் 2000த்தோட நின்னு போச்சு. வார்ப்பிரும்பு ஹெட்டுல நேரா வெட்டின சீட்டுக்கு அந்த ஈயம்தான் மெத்தையா இருந்துச்சு. இப்ப எச்சா ஓட்டுனா எக்சாஸ்ட் சீட்டு தேய்ஞ்சு வால்வு உள்ள இறங்கும், டாப்பெட் கேப் கொறைஞ்சுட்டே வரும். கெட்டிச் சீட்டு வளையம் அடிச்சுட்டா அந்தக் கவலை இல்லை.

திருப்பூர் ஹெரால்டு (மாலை 5.30)

நான் நாளெல்லாம் பவுண்டரியில இருந்தேன், இப்பத்தான் படிக்கிறேன். என் ஹெரால்டுல தெர்மோஸ்டாட் மேல இருக்கிற வளைஞ்ச மூடி அரிச்சுப் போயி, ஹோஸ் மாட்டற கழுத்து உதிர்ந்துருச்சு. எங்கயும் கிடைக்கல. கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்துல பேட்டர்ன் (வார்ப்புக்கு மண்ணுல பதிக்கிற மர மாதிரி) செய்யற பெரியவர் ஒருத்தர்கிட்டக் கொண்டு போனேன்.

பழச அப்படியே மண்ணுல பதிச்சு ஊத்திரலாம்னு நான் நெனச்சிருந்தேன். அவரு சிரிச்சுட்டே காலிப்பர எடுத்தாரு. அலுமினியம் ஆறறப்ப நூத்துக்கு 1.3 சுருங்கும், வார்ப்பிரும்பு 1 பக்கம் சுருங்கும். பழசையே பதிச்சா வர்றது ஒரு சுத்து சின்னதா வரும், போல்ட்டு ஓட்டை நேருக்கு நேரா ஒக்காராது. அதுக்குன்னே சுருக்கம் சேர்த்து அளவு போட்ட தனி ஸ்கேல் வெச்சிருக்காரு. அந்த ஸ்கேல்ல பத்துன்னு படிச்சா நெசத்துல பத்துக்குக் கொஞ்சம் எச்சா. அதுல அளந்து மரத்துல செதுக்கி, சீவற முகத்துக்கு மட்டும் கூட ரெண்டு மில்லி விட்டாரு. உள்ள தண்ணி போற வளைவுக்குத் தனியா கோர் பொட்டி, ரெண்டு பாதியா. கோர் மண்ணு சுட்டு எடுத்து வெச்சப்ப அந்த வளைவ விரல்ல தடவிப் பார்த்துட்டு, ஒரு எடத்துல உப்புத்தாள் போட்டு லேசாத் தேய்ச்சாரு. எனக்கு அங்க ஒண்ணும் தெரியல. அவரு விரலுக்குத் தெரிஞ்சிருக்குது.

மூணு ஊத்தினோம். ஒண்ணு என் வண்டிக்கு, ரெண்டு எச்சா இருக்குது. 948 சிசி ஹெரால்டு வெச்சிருக்கறவங்க யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, ஊத்துன கூலி குடுத்தாப் போதும். பேட்டர்ன் அவருகிட்டயே இருக்குது. மெட்ராஸ்ல அந்த ஸ்டாண்டர்டு கம்பெனி மூடி எத்தனையோ காலமாச்சு, ஆனா இந்தச் சாமான் இனிமே இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது.

அன்னூர் மார்க் 2 (மாலை 5.45)

இதத்தானுங்க நான் எப்பவும் சொல்றது. வெளிநாட்டுல இருந்து வரவழைக்க மாசக்கணக்குல காத்திருக்கறவங்க இருக்காங்க. நமக்கு பவுண்டரி, லேத்து, வைண்டிங், பாடி கட்டறவங்க எல்லாரும் ஒரு நாள் தூரத்துல இருக்காங்க. 1920ல ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்ட காலத்துல இருந்து, கெட்டா இங்கயே செஞ்சுக்கறதுங்கறது இந்த மண்ணுல இருக்குது. கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டுல ஜிடி கார் மியூசியம் போகாதவங்க ஒரு தடவை போயிட்டு வாங்க. பெருந்துறைத் தம்பி கட்டாயம் போகணும். ஒவ்வொரு காலத்துலயும் கதவுக் கைப்பிடி எப்படி இருந்துச்சு, பீடிங் எங்க முடிஞ்சுதுன்னு பார்த்துப் பழகுங்க. அந்தப் பெரியவருக்கு வணக்கம் சொன்னதாச் சொல்லுங்க ஹெரால்டு.

பெருந்துறை புதுசு (இரவு 7.20)

இன்னொரு கேள்விங்க. ஐம்பது வருஷம் தாண்டின வண்டிக்கு விண்டேஜ் பதிவு இருக்குதாமே, அத எடுத்துட்டா எஃப்.சி தொந்தரவு இல்லைங்கறாங்களே?

கோபி 1100 (இரவு 7.45)

அவசரப்பட வேண்டாங்க. 2021 விதியில, மொதப் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டின, பெருசா எதையும் மாத்தாத வண்டிக்கு விண்டேஜ் பதிவு குடுக்கறாங்க. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், மறுபடி பதிய 5,000. ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரையே வெச்சுக்கலாம். நல்ல விஷயம்தான். ஆனா அந்தப் பதிவுல கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இதுமாதிரி காரியத்துக்கு மட்டும்தான் ரோட்டுல எடுக்கலாம். தினப்படி ஓட்டக் கூடாது. நோம்பிக்குச் சென்னிமலைக்கும், ஒரம்பரை வந்தா பஸ் ஸ்டாண்டுக்கும் எடுத்துட்டுப் போகணும்னு ஆசை இருந்தா சாதாப் பதிவையே புதுப்பிச்சு வெச்சுக்கோங்க. நான் அப்படித்தான் வெச்சிருக்கேன். ஆர்.சி யார் பேர்ல இருக்குது?

பெருந்துறை புதுசு (இரவு 7.50)

அப்பாறு பேர்லதான் இருக்குதுங்க.

கோபி 1100 (இரவு 7.58)

அப்ப வாரிசுச் சான்றிதழ் எடுத்துப் பேர் மாத்தறதுதான் மொத வேலை. அப்பாவும் அத்தைங்களும் ஒட்டுக்கா ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போடணும். ஸ்பேனரத் தொடறதுக்கு முன்னாடி அத ஆரம்பிச்சு விடுங்க, அது நடக்கற வேகத்துல நடக்கட்டும்.

பொள்ளாச்சி பத்மினி (இரவு 8.30)

கணபதி அண்ணா, விட்டான் ஹோஸு கிடைச்சுது. டயாஃப்ரமும் மாத்திட்டேன். பிளக்கு வெள்ளையாத்தான் இருக்குது, லேசான வெளுப்பு. ஜெட்டு மாத்தறதா?

கணபதி லேத்து (இரவு 8.41)

ஊருக்குள்ள ஓட்டின பிளக்கப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஆழியார் வரைக்கும் போயி ஏத்தத்துல நல்லா இழுத்துட்டு, அங்கயே இன்ஜின நிறுத்திக் கழட்டிப் பாருங்க. அப்பவும் வெள்ளைன்னா சொல்லுங்க, ஜெட்டு என்கிட்ட இருக்குது.

சங்ககிரி (இரவு 9.10)

பெருந்துறைத் தம்பி, வர்ற சனிக்கிழமை ஈரோட்டுக்கு லோடு. திரும்பறப்ப உங்க தோட்டத்துக்கு வந்துட்டுப் போறேன். அதுக்குள்ள பிளக்கக் கழட்டி எண்ணெய் விட்டு வெச்சிருங்க. பிரேக் கிட்டு இப்பவே வாங்கிராதீங்க, வீல் சிலிண்டர் மேல இருக்கிற அளவக் கழட்டிப் பார்த்துட்டு வாங்கலாம். ஹேண்டில் இருக்குதான்னு டிக்கியில தேடுங்க, இல்லைன்னா நான் எடுத்துட்டு வர்றேன்.